பழைய கட்டடம் திருத்தும் இலவசக் கையேடுகள்: மலையகத்துக்கு எது சரிவரும்?

நூறு வருடம் நின்ற கல்கட்டடத்தைத் திருத்தக் கிளம்புகிறவர் முதல் வேலையாக இறக்குவது சீமெந்து மூட்டையைத்தான். இலங்கை மலையகத்தில் பழைய பங்களா, தேவாலயம், கோயில் மடம், ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை, தொழிலாளர் வரிசை வீடான லயம் எதுவானாலும் மழை கெடுத்தது பாதி, அந்த மூட்டை கெடுத்தது பாதி. இதைத் தவிர்க்க உதவும் கையேடுகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. எல்லாம் ஆங்கிலம், எல்லாம் வேறு நாட்டு மழையையும் வேறு நாட்டுச் சுண்ணாம்பையும் மனதில் வைத்து எழுதியவை. எந்தப் பக்கத்தை அப்படியே எடுக்கலாம், எந்த அட்டவணையை இங்கே மாற்ற வேண்டும் என்பதுதான் இந்த விமர்சனம்.

அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை வெளியிடும் 'பிரிசர்வேஷன் பிரீஃப்ஸ்' வரிசை 50 இலக்கத்தைத் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் இறக்கிக் கணினியில் அடுக்கி வைப்பவர் ஒன்றையும் வாசிப்பதில்லை. மலையகத்துக்கு நான்கு போதும்: சாந்து பற்றிய 2, மர யன்னல் பற்றிய 9, ஈரம் பற்றிய 39, பராமரிப்பு பற்றிய 47. கல்லைச் சுத்தம் செய்வது பற்றிய 1ஆம், 6ஆம் இலக்கங்களின் சாரம் ஒரு வரியில் அடங்கும்: மணல் பீச்சியோ, அழுத்தத் தண்ணீர் பாய்ச்சியோ பாசி எடுக்காதீர்கள்; மரச்சுரண்டியும் தும்புத் தூரிகையும் போதும். ஹார்ட்வெயார்க் கடையில் தள்ளிவிடும் நிறமற்ற 'வோட்டர் ப்ரூஃப்' பூச்சு பெரும்பாலும் தேவையே இல்லை என்றும் 1ஆம் இலக்கம் சொல்கிறது. அந்தப் பூச்சு வெளித்தண்ணீரை நிறுத்துவதைவிட உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான் அதிகம்.

இந்த நான்கிலும் ஒன்றுதான் வாசிக்க நேரம் என்றால் 2ஆம் இலக்கம். கல், செங்கல் இடுக்குகளில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டிப் புதிதாக நிரப்பும் வேலை, மேசன்மார் 'போயின்டிங்' என்பது, அதைப் பற்றியது. அடிப்படை விதி ஒன்றே: சாந்து எப்போதும் கல்லைவிட மெதுமையாகவும், ஈரம் போய்வர இடம் கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். சுவர் அசையும்போது வெடிக்க வேண்டியது சாந்து. ஈரம் காய வேண்டிய வழியும் சாந்துதான். அளவுகளும் தெளிவாக உள்ளன. இடுக்கின் அகலத்தைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்குச் சுரண்ட வேண்டும். அரை அங்குல இடுக்கென்றால் குறைந்தது ஓரங்குலம். தூசியைத் துடைத்து, நனைத்து, கால் அங்குலப் படையாக நிரப்ப வேண்டும். ஒரு படை பெருவிரலால் அழுத்தினால் தடம் மட்டும் விழும் பதத்துக்கு வந்த பிறகே அடுத்தது. இந்த விரல்தட விதியை எங்கள் பாஸ்மாருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, கை அறியும். அவர்கள் மீறுவது கிரைண்டர் விதியை. நிலைக்குத்து இடுக்கில் கிரைண்டர் வைத்தால் மேலும் கீழும் உள்ள கல்லின் விளிம்பு வெட்டுப்படும். அந்த வெட்டுக்காயம் கட்டடம் இருக்கும்வரை இருக்கும்.

ஆனால் இந்தக் கையேடு செங்கல்லைப் பார்த்து எழுதியது. 1894இல் கட்டிய நுவரெலியா அஞ்சலகம் போன்ற செங்கல் முகப்புக்கு அதைக் கிட்டத்தட்ட அப்படியே பொருத்தலாம். கருங்கல் சுவருக்கு இரண்டு இடங்களில் வழி தவறும்.

முதலாவது, சேதம் தெரியும் இடம். கையேட்டின் படங்களில் சீமெந்துச் சாந்து போட்ட சுவரில் செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்கும். எங்கள் மலைக்கல் அப்படி உதிராது, அவ்வளவு இறுக்கம். சீமெந்து பூசி இருபது வருடமானாலும் வெளியே சுவர் கம்பீரமாகவே நிற்கும். அதைப் பார்த்துத்தான் 'சீமெந்து போட்டால் ஒன்றும் ஆகாது' என்ற முடிவுக்கு எல்லோரும் வருகிறார்கள். கல்லுக்கும் சீமெந்துக்கும் நடுவே மயிரிழை விலகல் ஒன்று இருக்கும். நகத்தை ஓடவிட்டால் தட்டுப்படும். சாய்ந்தடிக்கும் மழை அதற்குள் இழுபட்டுப் போகும், திரும்பி வர வழியில்லை. கல் வழியாகவும் காயாது, சாந்து வழியாகவும் காயாது. கடைசியில் உட்சுவர்ப் பூச்சு உப்புப் பூத்து ஊதும். சுவருக்குள் செருகிய உத்தர முனைகளும் கூரை தாங்கும் கிடைமரமும் உளுத்துப் போகும். ஆகவே வெளியே கல்லைப் பார்த்து முடிவெடுக்காமல் உள்ளே உத்தர முனையில் ஆணியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சும்மா இறங்கினால் சாந்து தன் வேலையைக் காட்டிவிட்டது.

இரண்டாவது, சுவரின் வயிறு. பழைய லயங்களிலும் சிறிய பங்களாக்களிலும் வெளி இடுக்கில் மட்டும் இரண்டு அங்குலத்துக்குச் சுண்ணாம்பு இருக்கும். உள்ளே கல்லைக் கட்டி வைத்திருப்பது செம்மண் சாந்து. சோதிப்பது சுலபம். அந்த இரண்டு அங்குலத்துக்கும் உள்ளேயிருந்து ஒரு கட்டி எடுத்துப் பொடித்து, கண்ணாடிக் குவளையில் போட்டு, கழிவறை கழுவும் அசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள் (அசிட்டைத் தண்ணீரில்தான் விட வேண்டும், தண்ணீரை அசிட்டில் அல்ல, கையுறை கட்டாயம்). பொங்கி நுரைத்துத் தெளிந்து அடியில் மணல் நின்றால் சுண்ணாம்பு. நுரையே இல்லாமல் சிவப்பாகக் கலங்கினால் மண். மண் சுவரில் 'இரண்டரை மடங்கு ஆழம்' என்ற விதியைப் பிடித்தால் ஆபத்து. இரண்டு அங்குல இடுக்குக்கு ஐந்து அங்குலம் தோண்ட வேண்டி வரும். வயிற்று மண் மாவாகக் கொட்டும், மேலே உள்ள கல் இறங்கும். அப்படிப்பட்ட சுவரில் மூன்றடிக்கு மூன்றடி மட்டும் திறந்து, ஓரங்குலம் ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்தி, அன்றே மூடிவிட வேண்டும். அகன்ற இடுக்கைச் சாந்தால் மட்டும் நிரப்பவும் கூடாது. சுருங்கி வெடிக்கும். இடுக்குக்கு ஏற்ற கற்சில்லுகளைச் சாந்தில் தோய்த்து இறுக்கமாகத் தட்டிச் செருகிவிட்டுத்தான் மேற்சாந்து.

இந்தச் சில்லு செருகும் வித்தையை அமெரிக்கக் கையேட்டைவிட நன்றாகச் சொல்வது ஸ்கொட்லாந்துக் கையேடுகள். 'ஹிஸ்டோரிக் என்விரன்மென்ட் ஸ்கொட்லாண்ட்' அமைப்பின் 'இன்ஃபோர்ம்' துண்டுப் பிரசுரங்களும் குறுங்கையேடுகளும் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. ஒழுங்கற்ற கல், காற்றோடு சாய்ந்து வரும் மழை, மூடுபனி, தகரக் கூரை என்று அவர்கள் பேசும் பிரச்சினை எல்லாம் எங்களுடையது. அதில் வியப்பில்லை. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் தொடங்கித் தோட்டத்துரைமாரில் பலர் அந்த நாட்டுக்காரர். கட்டிடப் பழக்கமும் கூடவே கப்பலேறி வந்தது. எங்கள் தரவரிசையில் ஸ்கொட்லாந்துக்கு முதலிடம், அமெரிக்காவுக்கு இரண்டாமிடம்.

இரண்டுமே கைவிடும் இடம் சுண்ணாம்பு. அவர்களின் அட்டவணைகள் கல்சியம் மிகுந்த சுண்ணாம்பையோ, தண்ணீரிலேயே இறுகும் இயற்கை நீரியல் சுண்ணாம்பையோ வைத்துப் போட்டவை. பின்னதை இங்கே தேடினால் இறக்குமதி விலைதான் மிஞ்சும். முன்பு தென்கரையில் பவளப்பாறை சுட்டு எடுத்த சுண்ணாம்பு மலைக்கும் ஏறியது. பவளம் தோண்டத் தடை வந்தபின் அந்த வழி அடைபட்டது. மாத்தளை, திகன பக்கத்துக் கல் டொலமைட், அதாவது மக்னீசியம் கலந்தது. இந்த மக்னீசியப் பகுதி மிக மெதுவாகவே நீறும். கடையில் வாங்கிய தூளை அன்றே குழைத்துப் பூசினால், சுவரில் ஏறிய பிறகு மாதக் கணக்கில் கழித்து நீறி, வீங்கி, பூச்சைச் சிறு சிறு கிண்ணமாகக் கிளப்பிவிடும். 'சுண்ணாம்புப் பூச்சு நிற்காது' என்ற கெட்ட பெயர் பெரும்பாலும் இதனால் வந்தது.

அதற்கு மருந்து ஊறவைப்பது. தூளைத் தண்ணீரில் போட்டு (தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டிபடும்), பிளாஸ்டிக் பீப்பாயில் மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்க மூடி, மூன்று மாதம் விடுங்கள். பிறகு கொசுவலைக் கம்பியில் வடித்தால் வெண்ணெய் போல வரும். வாங்கும் முன்பே தூள் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கரண்டித் தூளில் கொஞ்சம் வினாகிரி விட வேண்டும். கொதிப்பது போல நுரைத்தால் மூட்டை காற்றுப்பட்டுக் கல்லாகிவிட்டது என்று பொருள், வெள்ளையடிக்கக்கூட உதவாது. நல்ல தூள் சூடாகும், குழையும், அதிகம் நுரைக்காது.

கலவை விகிதத்துக்குக் கையேட்டை நம்புவதைவிட உங்கள் மணலைக் கேளுங்கள். உலர்ந்த மணலை ஒரு ஜாடி நிறைய எடுத்து, அளந்த தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். மேலே தண்ணீர் எட்டிப் பார்க்கும்போது போன அளவுதான் மணலின் வெற்றிடம். அதுவே தேவையான சுண்ணாம்பு. நல்ல ஆற்று மணலில் மூன்றிலொரு பங்கு வரும், ஆகவே ஒன்றுக்கு மூன்று. நைந்த, ஒரே அளவு மணல் என்றால் பாதிவரை குடிக்கும். அந்த மணலை மாற்றுங்கள், சுண்ணாம்பைக் கூட்டாதீர்கள். மலை ஈரத்தில் வெறும் சுண்ணாம்பு இறுக நாளாகும் என்பதால் செங்கல் தூள் சேர்ப்பது நல்லது: சுண்ணாம்புக் களி ஒரு வாளி, மணல் இரண்டரை, மாவாக இடித்துச் சலித்த செங்கல் தூள் அரை. இளஞ்சூட்டில் வெந்த செங்கல்தான் இதற்கு வேண்டும். கருகச் சுட்டது சேராது. மற்ற நேரத்தில் குறை சொல்லும் எங்கள் ஊர்ச் செங்கல் இந்த ஓரிடத்தில் உதவுகிறது. தண்ணீர் சேர்க்காமல், மண்வெட்டிப் பிடியால் குத்திக் குத்திப் பதினைந்து இருபது நிமிடம் பிசைந்தால் களியில் உள்ள ஈரமே போதும். முதல் பத்து நிமிடம் 'இது சேராது' என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் யாராவது தண்ணீரை ஊற்றிக் கெடுப்பார்கள். தூள் சேர்த்ததை அன்றே முடிக்க வேண்டும்; சேர்க்காததை மூடி வைத்து மறுநாள் மீண்டும் பிசையலாம்.

கையேட்டின் நாட்காட்டியைக் கிழித்துப் போடுங்கள். பனிக்காலத்துக்குப் பயந்து ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை வேலை செய் என்பது அவர்கள் கணக்கு. ஹட்டன், மஸ்கெலியா, நாவலப்பிட்டிப் பக்கம் அந்த மாதங்களில் சுண்ணாம்பு வைத்தால் சுவரோடு வடிந்துவிடும். வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். மேற்குச் சரிவுக்குத் தை பிறந்ததிலிருந்து மார்ச் நடுவரைதான் நல்ல இடைவெளி. ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, தலைகீழ்: ஜூன் முதல் ஓகஸ்ட். ஆனால் அங்கே அப்போது வீசும் காற்று சாந்தை ஒரே நாளில் உறிஞ்சிக் காயவைக்கும். காய்வது வேறு, இறுகுவது வேறு. வேகமாகக் காய்ந்தது விரலில் தூளாக உதிரும். நனைத்த சாக்கைச் சுவரில் படாமல் தொங்கவிட்டு ஏழு நாள் ஈரம் காட்டுங்கள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் தரையில் உறைபனி விழும். 5 பாகைக்குக் கீழே போகும் இரவென்றால் அதே சாக்கை இரட்டையாகவும் உலர்ந்ததாகவும் போட வேண்டும்.

தகரக் கூரைக்கும் ஸ்கொட்லாந்தில் தனியாக எழுதியிருக்கிறார்கள். தகர அலையின் முகட்டில் ஆணி, பள்ளத்தில் அல்ல. ஒரு தகரத்தின் நுனி அடுத்த தகரத்தின் மேல் ஆறங்குலம் ஏற வேண்டும், பக்கவாட்டில் ஒன்றரை அலை. காற்றுக்கு எதிர்முனையிலிருந்து வேயத் தொடங்க வேண்டும். இதெல்லாம் இங்கேயும் பொருந்தும். அவர்கள் சொல்லாதது, புதிய சின்க் அலுமினியத் தகட்டின் அலை பழைய தகரத்தின் அலையோடு பொருந்தாது என்பது. ஒரு சரிவில் பாதியை மட்டும் மாற்றினால் சேரும் கோட்டில் கட்டாயம் ஒழுகும். நல்ல பழைய தகரங்களையெல்லாம் ஒரே சரிவுக்குத் திரட்டி, மறு சரிவை முழுதாகப் புதிதாக்குங்கள். புகைபோக்கி ஓரத்தில் ஈரச் சுண்ணாம்போ சீமெந்தோ புதிய தகட்டைத் தொட்டால் அரித்துவிடும். இடிதாங்கியின் செப்புப் பட்டியிலிருந்து வடியும் தண்ணீரும் அப்படித்தான்.

பீலி அளவில் அவர்கள் அட்டவணை பாதி. பிரித்தானியாவில் வழமையாக மணிக்கு 75 மில்லிமீற்றர் மழைக்குக் கணக்குப் போடுவார்கள். 1,000 சதுர அடிக் கூரைக்கு அது மணிக்கு 7,000 லீற்றர். ஒக்டோபர் மாலை இடிமழை இரட்டிப்பாகக் கொட்டினால் 14,000. பீலியை இரண்டு மடங்காக எடுங்கள், இறங்குகுழாயை இருபதடிக்கு ஒன்றாக வையுங்கள். பல பங்களாக்களில் ஆதியிலிருந்தே பீலி கிடையாது. இரண்டரை அடி நீண்ட தாவாரமும் கீழே கல் பதித்த கானும்தான். அந்த ஏற்பாடு வேலை செய்கிறதென்றால் பீலி மாட்டிப் புதுப் பிரச்சினை வாங்க வேண்டாம்.

ஈரம் பற்றிய 39ஆம் இலக்கம், கூரையிலிருந்து கீழே நிலம் வரை வரிசையாகப் பார்த்து வா என்கிறது. நல்ல ஒழுங்கு. ஆனால் அதை எழுதியவர் மலையை வெட்டிய தட்டில் வீடு கட்டிப் பார்த்ததில்லை. எங்கள் கட்டடங்களில் பின்சுவர்தான் நோயாளி. மேலிருந்து கரைந்து வரும் மண் ஆண்டுக்கு அரை அங்குலம் சேர்ந்தாலும் போதும், ஒரு தலைமுறையில் உள்தரையைவிட வெளிமண் உயர்ந்துவிடும். அப்போது சுவருக்குள் ஊசி போட்டு இரசாயனம் ஏற்ற வரும் கம்பனிகளை அனுப்பிவிட்டு மண்வெட்டியை எடுங்கள். மண்ணை உள்தரைக்கு எட்டங்குலம் கீழே இறக்கி, சுவருக்கு மூன்றடி தள்ளிக் கான் வெட்ட வேண்டும். சுவரடியிலேயே நீளமாகத் தோண்டாதீர்கள். பழைய அத்திவாரம் ஆழமில்லாதது. நான்கடி தோண்டி, நான்கடி விட்டு, திரும்ப வந்து விட்டதைத் தோண்டுங்கள்.

வெடிப்புப் பற்றி எந்த வெளிநாட்டுக் கையேட்டையும் இங்கே தனியாக நம்ப வேண்டாம். அவர்களுக்கு வெடிப்பென்றால் அத்திவாரம் இறங்கியது. இங்கே மலையே நகரலாம். வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தில் ஒட்டித் திகதி எழுதுங்கள். கண்ணாடி உடைகிறது, கதவு சிக்குகிறது, மேட்டில் மரம் சாய்கிறது, இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறது என்றால் திருத்த வேலையை நிறுத்தி வெளியேறுங்கள்; கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். அந்த நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களைச் சுண்ணாம்பு வாங்கும் முன்பே பார்த்துவிடுவது புத்தி.

யன்னல் பற்றிய 9ஆம் இலக்கம் அழகான கையேடு: வழமைப் பராமரிப்பு, உறுதியாக்கல், ஒட்டுப்போட்டுப் பாகம் மாற்றல் என்று மூன்று படியாகப் பிரித்து, 'யன்னலையே மாற்று' என்பவரை வாயடைக்கிறது. அதில் வரும் இப்பொக்சிப் பசையை மட்டும் மூடுபனி ஊர்களில் தவிருங்கள். மரம் நன்றாக உலர்ந்தால்தான் பிடிக்கும், அங்கே மரம் அவ்வளவு உலர்வதில்லை. உளுத்த அடிக்கட்டையைச் சாய்வாக வெட்டி, அதே சாதிப் பழைய மரத்தால் ஒட்டுப்போடுவதே நிற்கும்.

கொள்கை நூல்களில் ஆஸ்திரேலியாவின் பர்ரா சாசனம் போதும். தேவையான அளவு மட்டும் மாற்று, இயன்ற அளவு குறைவாக மாற்று என்பதுதான் அதன் உள்ளடக்கம். 1877இல் வில்லியம் மொரிஸ் தொடங்கிய, பழைய கட்டடங்களைக் காக்கும் ஆங்கிலேயச் சங்கத்தின் (SPAB) குறிப்புகளும் அதே வழிதான். அவர்களின் பீலி துப்புரவு நினைவூட்டலை மட்டும் சித்திரை முன்னும் புரட்டாதி முடிவிலும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சட்டத்தைப் பற்றி வெளிநாட்டுக் கையேட்டில் எதுவும் கிடைக்காது. எங்கள் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கோடு கீறுவது 1815 மார்ச் 2ஆம் திகதியில், கண்டி ஒப்பந்த நாளில். அதற்குப் பிந்திய பங்களாவும் ஸ்டோரும் லயமும் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்தால்தான் காப்புப் பெறும். கண்டி நகரம் 1988 முதல் உலக மரபுரிமை என்பதால் அங்கே யன்னல் நிறம் மாற்றுவதற்கு முன்பும் மாநகர சபையில் கேட்டுவிடுங்கள். லயத்தையும் மரபாகப் பார்க்கலாமா என்று சந்தேகிப்பவர் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்திலேயே இயங்கும் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். உயரமான ஸ்டோரின் கட்டமைப்பைப் பார்க்க ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. அது 1925இல் கட்டிய தொழிற்சாலை.

பெரிய குறை மொழி. சாந்து குழைக்கிறவர் வாசிக்கக்கூடிய ஒரு பக்கமும் இந்தத் தொகுதிகளில் இல்லை. 2ஆம் இலக்கத்தில் இடுக்கைச் சரியாகவும் பிழையாகவும் நிரப்பிய வரைபடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆங்கிலம் தேவையில்லை. அந்தப் பக்கத்தைப் பெரிதாகப் பிரதியெடுத்து, பக்கத்தில் 'ஓரங்குலம் ஆழம், கால் அங்குலப் படை, கிரைண்டர் வேண்டாம்' என்று தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாரத்தில் கட்டிவிடுங்கள். கண்ணில் படாத பின்சுவரில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரி ஒன்று செய்யச் சொல்லி, ஒரு மாதம் கழித்து அதை நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகு கூலி பேசுங்கள்.